சொந்தச் செல்தானே, ரத்தம் ஏன் உறைகிறது?

ரத்தமும் நாமும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, “ஸ்டெம் செல் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்ட சிலருக்கு நுரையீரலில் ரத்தக் கட்டி வந்திருக்கிறது” என்று ஒற்றை வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். (ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச் செல்.) இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரிக்குத்தான். சிலர் பயந்துபோய் எழுதியிருக்கிறார்கள், சிலர் கோபமாக. முப்பத்தொரு வருடம் ரத்தவியல் வார்டிலும் அதை ஒட்டிய ஆய்வுக்கூடத்திலும் கழித்துவிட்டு ஓய்வுபெற்றவள் நான். ஒரே வரியில் பயமுறுத்திவிட்டுப் போனது தப்புதான். இந்த முறை பக்கம் முழுக்க இதற்கே.

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வயிற்றுக் கொழுப்பைக் கொஞ்சம் எடுத்து, அதிலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து வளர்த்து, கை நரம்பு வழியாக டிரிப்ஸில் ஏற்றுகிறோம் என்கிறது ஒரு கிளினிக். “உங்கள் செல்லே உங்களுக்குள் திரும்பிப் போகிறது, பக்கவிளைவுக்கு வாய்ப்பே இல்லை” என்கிறார்கள். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. சொந்தச் செல்லால் ரத்தம் எப்படி உறையும்?

பதில்: காய்கறி நறுக்கும்போது விரலில் வெட்டுப்பட்டால் வெளியே வருவது உங்கள் ரத்தம்தான். அது தொடுவதும் உங்கள் சதையைத்தான். ஆனாலும் உறைகிறதே!

“சொந்தச் செல்” என்பது நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குச் சொல்ல வேண்டிய சமாதானம். அடுத்தவர் செல் என்றால் உடம்பு அதை விரட்டப் பார்க்கும், சொந்தச் செல்லை விரட்டாது. அதுவரை கிளினிக் சொல்வது சரி. ஆனால் ரத்தம் உறைவதற்கு அந்தக் கணக்கே கிடையாது. யாருடைய செல் என்று அது கேட்பதில்லை. இது இங்கே இருக்க வேண்டிய செல்தானா என்று மட்டும் பார்க்கிறது.

எப்படிப் பார்க்கிறது? ரத்தக்குழாய்க்கு வெளியே இருக்கும் பல செல்களின் மேற்பரப்பில் ‘திசுக் காரணி’ என்று ஒரு புரதம் துருத்திக்கொண்டிருக்கும். குழாயின் வெளிச்சுவரில், கொழுப்புத் திசுவில், தோலுக்கு அடியில் எல்லாம் உண்டு. குழாய்க்குள்ளே, ரத்தம் தொட்டு ஓடும் உள்சுவரில் மட்டும் சாதாரணமாக இருக்காது. ஆக, ரத்தம் திசுக் காரணியைச் சந்திக்கிறது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: எங்கோ குழாய் கிழிந்திருக்கிறது. உடனே ரத்தத்தில் மிதக்கும் ஏழாம் உறைகாரணி அதைப் பற்றிக்கொள்ளும். அடுத்தது பத்தாம் காரணி, அப்புறம் த்ராம்பின், கடைசியில் ஃபைப்ரின் நூல்கள். வலை பின்னியாயிற்று.

கொழுப்பிலிருந்து எடுத்து, வாரக்கணக்கில் ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த செல்லைச் சிரைக்குள் விடுகிறபோது (கை நரம்பு என்று எல்லோரும் சொல்வது சிரையைத்தான், நானும் நோயாளிகளிடம் நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டேன்) அந்தச் செல் தன் திசுக் காரணியையும் சுமந்துகொண்டுதான் போகிறது. ரத்தத்தைப் பொறுத்தவரை கோடிக்கணக்கான குட்டிக் குட்டிக் காயங்கள் ஒரே நேரத்தில் உள்ளே வந்து மிதக்கின்றன.

கோடிக்கணக்கான என்பது பேச்சுக்குச் சொன்னதில்லை. ஆராய்ச்சிகளில் வழக்கமாகக் கொடுக்கும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் செல்கள். 60 கிலோ எடை உள்ளவருக்கு 6 கோடியிலிருந்து 12 கோடி. இதைவிட அதிகம் ஏற்றுகிற கிளினிக்குகளும் உண்டு. கூட ஏற்றினால் கூடப் பலன் என்ற நினைப்பு.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உள்பக்கம் ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) பூசிய பிளாஸ்டிக் குழாயை வளையமாக மாட்டி, அதற்குள் ரத்தத்தை 37 டிகிரியில் மெதுவாகச் சுழலவிடும் ஒரு சோதனை உண்டு. ஒரு நாள் என் ரத்தத்தையே எடுத்து இரண்டு வளையத்தில் விட்டோம். ஒன்றில் வெறும் ரத்தம். இன்னொன்றில் கொழுப்பிலிருந்து வளர்த்த செல் கொஞ்சம். முதல் வளையம் சிவப்பாக வழுக்கிக்கொண்டு ஓடியது. இரண்டாவது கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தது. நிறுத்தி வடிகட்டியில் கவிழ்த்தால் கருஞ்சிவப்பாக, சுண்டுவிரல் நீளத்துக்கு, மண்புழு மாதிரி ஒரு கட்டி நழுவி விழுந்தது. அந்தச் செல் வேறொருவருடையது என்று நீங்கள் சொல்லலாம். என் கொழுப்பிலிருந்து எடுத்திருந்தாலும் அதன்மேல் இருப்பது அதே திசுக் காரணிதான்.

இன்னொரு விஷயம், அளவு. ரத்தச் சிவப்பணு ஏழெட்டு மைக்ரான். அதுவும் மடிந்து நெளிந்து போகக்கூடியது. தட்டில் வளர்த்த இந்தச் செல்கள் 15 முதல் 30 மைக்ரான் வரை இருக்கும். நுரையீரலின் நுண்குழாய்களோ சிவப்பணுவே நெளிந்துதான் போக வேண்டிய அளவுக்குக் குறுகல். கைச் சிரையில் ஏற்றியது எதுவானாலும் முதலில் இதயத்தின் வலப்பக்கம், அங்கிருந்து நேரே நுரையீரல். உடம்பின் முதல் சல்லடை அதுதான். ஏற்றிய செல்களில் பெரும்பகுதி அங்கேயே சிக்கிக்கொள்கிறது, ஓரிரு நாளில் செத்தும் போகிறது. அப்பாவுக்கு வலி முழங்காலில். மருந்து போய்ச் சேருமிடம் நுரையீரல். கட்டியை விடுங்கள், இந்த ஒரு காரணத்துக்காகவே நான் அந்த டிரிப்ஸை வேண்டாம் என்பேன்.

மூட்டுக்குள்ளேயே ஊசி போடுவது வேறு கதை. அங்கே செல் ரத்த ஓட்டத்தில் கலப்பது மிகக் குறைவு, அதனால் கட்டி வரும் ஆபத்தும் குறைவு. அது தேய்ந்த குருத்தெலும்பைத் திரும்ப வளர்க்கும் என்பதற்கு உறுதியான நிரூபணம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் அப்பா பிடிவாதமாக இருந்தால், கிளினிக்கில் கேளுங்கள்: செல்லின் மேல் திசுக் காரணி எவ்வளவு என்று அளந்தீர்களா? எத்தனை தடவை தட்டு மாற்றி வளர்த்தீர்கள்? (மாற்ற மாற்றத் திசுக் காரணி கூடும்.) உறையவைத்து எடுத்ததா, புதிதா? கூடவே ஹெப்பாரின் கொடுப்பீர்களா? எவ்வளவு நேரத்தில் ஏற்றுவீர்கள்? பதில் சொல்பவர் தடுமாறாமல் எண்ணாகச் சொன்னால் பரவாயில்லை. “அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்” என்றால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி: ஆதாரம் எங்கே? (இவ்வளவுதான் கடிதம். சிவப்பு மை, இரண்டு அடிக்கோடு.)

பதில்: தருகிறேன். 2010-இல் ஜப்பானின் கியோட்டோவில் ஒரு கிளினிக்கில் 73 வயதான தென்கொரியர் ஒருவருக்கு அவருடைய கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை ஏற்றினார்கள். அவர் இறந்துபோனார், காரணமாகச் சொல்லப்பட்டது நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு. அந்தக் காலத்தில் ஜப்பானில் இப்படிப்பட்ட சிகிச்சைக்குத் தனிச் சட்டம் இல்லை. 2013-இல் சட்டம் நிறைவேறி, 2014 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

அடுத்தது 2013-இல் கொரிய மருத்துவர்கள் எழுதிய ஒரு குடும்பத்தின் கதை. இதைத்தான் நான் என் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன். நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் நெஞ்சுவலி என்று வருகிறார். கழுத்துத் தட்டு விலகலுக்காகக் கொழுப்பு ஸ்டெம் செல் ஏற்றிக்கொண்டவர். ஸ்கேன் எடுத்தால் நுரையீரல் தமனிகளில் பல இடத்தில் கட்டி. குடும்பத்திலேயே ரத்தம் உறையும் தன்மை இருக்கிறதோ என்று அப்பா அம்மாவையும் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் நுரையீரலிலும் கட்டி! அவர்களும் அதே சிகிச்சை எடுத்தவர்கள். எதற்காக? முழங்கால் தேய்மானம். முதல் கேள்வி கேட்ட மகன் இந்த வரியை அப்பாவிடம் வாசித்துக் காட்டலாம்.

மனிதருக்கு முன்பு நாய்களில் பார்த்ததும் உண்டு. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது: எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்த செல்லை நல்ல ஆரோக்கியமான நாய்களின் இதயத் தமனிக்குள் செலுத்தியபோது இதயத் தசையில் ஆங்காங்கே நுண்ணிய மாரடைப்புகள். அதற்கும் முன்னால், 1990-களின் கடைசியில், ஸ்வீடனின் உப்சலாவில், இன்சுலின் சுரக்கும் கணையத் தீவுச் செல்லை வைத்து வேலை செய்தவர்கள் இதே பிரச்சினையில் முட்டிக்கொண்டார்கள். சர்க்கரை நோயாளிகளுக்காகக் கல்லீரலுக்குள் போகும் வாயிற்சிரையில் ஏற்றும் செல் அது. ரத்தத்தைத் தொட்டதுமே உறைந்து, பாதியும் வீணாகிப் போவதைக் கண்டுபிடித்தார்கள். ஸ்டெம் செல்லிலும் நடப்பது அதுதான் என்று பிறகு தெரிந்தது.

சிவப்பு மைக்காரரே, உங்களுக்குச் சாதகமான ஆதாரமும் இருக்கிறது. அதை மறைத்தால் எனக்கும் விளம்பரக்காரர்களுக்கும் வித்தியாசமில்லை. இந்த வகைச் செல்லை ரத்தக்குழாய் வழியாகக் கொடுத்த ஆராய்ச்சிகளையெல்லாம் கூட்டிப் பார்த்த அலசல் 2012-இல் ஒன்று வந்தது, 2020-இல் அதையே புதுப்பித்து இன்னொன்று. இரண்டிலும் தெளிவாகத் தெரிந்த ஒரே தொந்தரவு, ஏற்றியபின் வந்துபோகும் காய்ச்சல். 2020 அலசலில் ரத்தக் கட்டியைத் தனியாகவே பார்த்திருந்தார்கள். செல் ஏற்றாதவர்களைவிட ஏற்றியவர்களுக்கு அது கூடவில்லை.

அப்படியானால் எது உண்மை? இரண்டும். அந்த ஆராய்ச்சிகளில் யாருக்கு ஏற்றலாம் என்று பொறுக்கி எடுத்தார்கள், செல்லை எண்ணினார்கள், மெதுவாக ஏற்றினார்கள், பக்கத்தில் நின்று பார்த்தார்கள். நம் உடம்பும் லேசுப்பட்டதில்லை. சின்னச் சின்னக் கட்டிகளைத் தானே கரைத்துவிடும். கியோட்டோவில் இறந்தவரோ, அந்தக் கொரியக் குடும்பமோ ஆராய்ச்சியில் சேர்ந்தவர்கள் இல்லை. காசு கொடுத்துப் படுத்தவர்கள்.

கேள்வி: என் அக்காவுக்கு மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய். அடுத்த மாதம் அவளுடைய ஸ்டெம் செல்லையே எடுத்துத் திரும்ப ஏற்றப் போகிறார்கள். போன இதழைப் படித்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்கிறாள்.

பதில்: ஐயோ, வேண்டாம் என்று மட்டும் சொல்ல வேண்டாம். இந்த ஒரு கடிதத்துக்காகவே இந்தப் பக்கத்தை எழுதுகிறேன் என்று அக்காவிடம் சொல்லுங்கள்.

ஸ்டெம் செல் என்ற ஒரே பெயரில் முற்றிலும் வேறான இரண்டு ஆட்கள் உலவுகிறார்கள். மேலே திட்டியதெல்லாம் கொழுப்பிலும் மற்றத் திசுக்களிலும் எடுத்து வளர்க்கும் வகையை. உங்கள் அக்காவுக்கு ஏற்றப் போவது ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல். அது எலும்பு மஜ்ஜைக்கும் ரத்தத்துக்கும் போய்வருவதையே பிழைப்பாகக் கொண்டது. உருவத்தில் சின்னது. ரத்தத்துக்கு அது பழகிய முகம், பார்த்து மிரளாது. அதைத் தட்டில் வாரக்கணக்கில் வளர்ப்பதும் இல்லை. எடுத்து, உறையவைத்து, உருக்கி ஏற்றுவதுதான். இந்த வைத்தியத்துக்காக டானல் தாமஸ் 1990-இல் நோபல் பரிசு வாங்கினார். மூன்று தலைமுறை நோயாளிகள் இதனால் பிழைத்திருக்கிறார்கள். ஏற்றும் நாளில் அறையெங்கும் பூண்டு மாதிரி ஒரு வாடை அடிக்கும். உறையவைக்கச் சேர்த்த ரசாயனம் மூச்சு வழியாக வெளியேறுவது அது. அக்கா பயப்படாமலிருக்க முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கட்டி வரும் ஆபத்து அவருக்கு அறவே இல்லையா? இருக்கிறது, ஆனால் ஏற்றும் செல்லால் அதிகம் இல்லை. 1856-இல் ருடால்ஃப் விர்கோ என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதிவைத்ததிலிருந்து நாங்கள் மூன்று காரணங்களைத் தேடுகிறோம்: ரத்தம் தேங்குவது, குழாய்ச் சுவர் புண்படுவது, ரத்தமே உறையத் துடிப்பது. மூன்றுமே அக்காவின் கட்டிலைச் சுற்றி நிற்கும். படுத்தே கிடப்பார், தேக்கம். பெரிய சிரைக்குள் வாரக்கணக்கில் ஒரு குழாய் கிடக்கும், சுவரில் உரசல். மைலோமாவே ரத்தத்தை உறையத் தூண்டும் நோய். அதற்குக் கொடுக்கும் லெனலிடோமைடு போன்ற மாத்திரைகள், ஸ்டீராய்டோடு சேரும்போது இன்னும் தூண்டும். அந்த மாத்திரையோடு ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்க வேறு மருந்தோ எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதை விடாமல் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள்.

இதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐம்பது வயசுக்காரர், செல் ஏற்றி ஒன்பதாவது நாள். காலை ரவுண்டில் சிரித்துக்கொண்டே, “டாக்டர், சட்டையைத் துவைக்கப் போட்டதுல இடது கை மட்டும் சுருங்கிப்போச்சு” என்றார். நானும் சிரித்தேன். அன்று அவருடைய தட்டணு (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) 30 ஆயிரம்தான். சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. இவ்வளவு குறைவாக இருப்பவருக்கு ரத்தம் கசியுமே தவிர உறையாது என்ற நினைப்பு எனக்கு. அடுத்த நாள் நர்ஸ் ஒருவர் டேப் எடுத்து இரண்டு கையையும் அளந்து, இடது கை மூன்று சென்டிமீட்டர் பருமன் என்று எழுதிவைத்திருந்தார். டாப்ளர் ஸ்கேனில், குழாய் போட்டிருந்த பக்கம் அக்குள் சிரை முழுக்க அடைப்பு. சட்டை சுருங்கவில்லை, கைதான் வீங்கியிருக்கிறது. தட்டணு 50 ஆயிரத்துக்குக் கீழே இருந்தால் ஹெப்பாரினை முழு அளவில் கொடுக்கப் பயப்படுவோம். குறைத்துக் கொடுத்து, தினமும் எண்ணிப் பார்த்து, தட்டணு ஏறியதும் அளவைக் கூட்டினோம். அவர் தேறிவிட்டார். தட்டணு குறைந்தால் கட்டி வராது என்று நான் நினைத்தது அன்றோடு போயிற்று.

ஆகவே அக்காவிடம் சொல்லுங்கள்: ஒரு கை மட்டும், ஒரு கால் மட்டும், கழுத்தின் ஒரு பக்கம் மட்டும் இறுக்கமாக இருந்தால் வேடிக்கையாகச் சொல்லாமல் விஷயமாகச் சொல்ல வேண்டும். தினமும் எடை பார்ப்பார்கள், வயிற்றைச் சுற்றி அளப்பார்கள். அலுத்துக்கொள்ள வேண்டாம். கல்லீரலின் நுண்குழாய்கள் அடைபடும் ஒரு சிக்கல் உண்டு. அடுத்தவர் செல் ஏற்றிக்கொள்பவர்களுக்கு அது கூடுதல், அக்காவைப் போன்றவர்களுக்குக் குறைவு. திடீரென்று எடை ஏறுவதுதான் அதன் முதல் துப்பு.

கேள்வி: அண்ணனுக்கு நான்தான் ஸ்டெம் செல் தானம் கொடுக்கப் போகிறேன். மெஷினில் ரத்தம் சுற்றி வரும்போது உறைந்துவிட்டால் எனக்கு என்ன ஆகும்?

பதில்: உறையாமலிருக்க, ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுக்கும் அந்த மெஷினுக்குள் நுழையும் இடத்திலேயே சிட்ரேட் கலப்பார்கள். ரத்தம் உறைய கால்சியம் வேண்டும். சிட்ரேட் அந்தக் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். அதில் கொஞ்சம் உங்களுக்குள்ளும் வரும். முதல் மணி நேரத்திலேயே உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுக்கும். சிலருக்கு விரல் நுனியிலும். கூச்சப்படாமல் உடனே சொன்னால் வேகத்தைக் குறைப்பார்கள், கால்சியம் கொடுப்பார்கள். சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த ஒரு தம்பிக்கு விரல்கள் இழுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். வீரம் காட்டுகிற இடம் இல்லை அது.

ஸ்டெம் செல்லை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்குக் கொண்டுவர நான்கைந்து நாள் ஊசி போடுவார்கள், எலும்பெல்லாம் குடையும். அப்புறம் நான்கைந்து மணி நேரம் மெஷின். கைச் சிரை நன்றாக இருந்தால் தொடையில் குழாய் போட வேண்டிய அவசியமே வராது. கட்டி வருவதில் தொடைக் குழாய்க்குக் கொஞ்சம் பங்கு உண்டு என்பதால் கை போதுமா என்று முதலிலேயே பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கு முன்பு கட்டி வந்திருந்தாலும், கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும், குடும்பத்தில் அரிவாள் செல் நோய் இருந்தாலும் மறைக்காதீர்கள். மற்றபடி, ஆரோக்கியமாக இருக்கிறவருக்கு ஆபத்து மிகக் குறைவு. அண்ணனுக்குக் கொடுங்கள்.

கேள்வி: கொழுப்பு செல்தானே பிரச்சினை? பிறந்த குழந்தையின் நஞ்சுக்கொடி, நஞ்சுப்பையிலிருந்து எடுக்கும் செல் இளசு, சுத்தமானது, அதனால் பாதுகாப்பானது என்கிறார்களே?

பதில்: இளசு என்பது சரி. ஆனால் பிரசவத்தை நினைத்துப் பாருங்கள். நஞ்சு பிரிந்து வரும்போது கர்ப்பப்பையில் எவ்வளவு பெரிய காயம்! தாய் ரத்தப்போக்கில் போய்விடாமலிருக்க இயற்கை அந்த இடத்தில், நஞ்சு ஒட்டியிருக்கும் கர்ப்பப்பைச் சவ்வில், திசுக் காரணியைக் குவித்து வைத்திருக்கிறது. ரத்தத்தை உடனே உறையவைப்பதற்கென்றே செய்த திசு அது. அங்கிருந்து செல்லை எடுத்து, வளர்த்து, அதையே சிரைக்குள் விட்டால்? மஜ்ஜையில் எடுத்ததைவிட நஞ்சு சார்ந்த செல்களில் திசுக் காரணி தூக்கலாக இருப்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஹெப்பாரின் சேர்க்காமல் அதைத் தொடவே கூடாது என்பது என் கட்சி.

இதைத் தொப்புள்கொடி ரத்தத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் இருப்பது, மேலே அக்காவுக்குச் சொன்ன, ரத்தத்தை உண்டாக்கும் வகைச் செல். 1988-இல் பாரிஸில் எலியான் க்ளுக்மன் குழு ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் ஏற்றியது அதைத்தான்.

கேள்வி: நான்கு வருடம் முன்பு எனக்குக் காலில் ரத்தக் கட்டி வந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். இப்போது தினமும் ஆஸ்பிரின் மட்டும். ஆஸ்பிரின் இருக்கும்போது ஸ்டெம் செல் டிரிப்ஸ் எடுத்தால் ஆபத்தில்லைதானே?

பதில்: ஆஸ்பிரின் தடுப்பது தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை. திசுக் காரணி கிளப்பிவிடுவது த்ராம்பினை. வாசலில் காவல் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை. ஏற்கெனவே கட்டி வந்தவர் நீங்கள். உங்கள் ரத்தம் ஒருமுறை தன் சுபாவத்தைக் காட்டிவிட்டது. 2020-இல் கொரோனா நோயாளிகளுக்கு இந்தச் செல்லை ஏற்றிப் பார்க்க உலகமே அவசரப்பட்டபோது, இத்துறையிலேயே ஊறியவர்கள் சிலர் கைதூக்கி எச்சரித்ததும் இதனால்தான்: அந்த நோயாளிகளின் ரத்தம் ஏற்கெனவே உறையத் துடித்துக்கொண்டிருந்தது. அந்த டிரிப்ஸ் உங்களுக்கு வேண்டாம். பழைய மாத்திரை வீட்டில் மிச்சமிருக்கிறதே, அதைச் சாப்பிட்டுவிட்டுப் போகலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்று தெரியும். கூடாது.

கேள்வி: நீங்கள் ஸ்டெம் செல்லுக்கே எதிரியா?

பதில்: பாதி வாழ்க்கை அந்தப் பைகளைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கும் ஃப்ரீசருக்கும் ஓடியவள். எதிரியாக இருக்க நேரம் கிடைத்ததில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்காவில், மஜ்ஜையிலிருந்து எடுத்துத் தட்டில் வளர்த்த, மேலே நான் எச்சரித்த வகைச் செல் ஒன்றுக்கு முதன்முதலாக அனுமதி கிடைத்தது. மாற்று மஜ்ஜை ஏற்றியபின் அந்தப் புது மஜ்ஜையே உடம்பைத் தாக்க ஆரம்பித்து, ஸ்டீராய்டுக்கும் அடங்காத குழந்தைகளுக்காக. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சந்தோஷம்தான்.

கேள்வி: என் கணவர் வெளிநாட்டில் ஸ்டெம் செல் ஏற்றிக்கொண்டு நாளை மறுநாள் விமானத்தில் திரும்புகிறார். ஒன்பது மணி நேரப் பயணம். ஏற்றி மூன்று நாள்தான் ஆகிறது. போன இதழை நேற்றுதான் பார்த்தேன்.

பதில்: இதழ் வெளிவருவதற்குள் அவர் திரும்பிவிடுவார் என்பதால் ஆசிரியரிடம் சொல்லி உங்களுக்கு உடனே பதில் அனுப்பினேன். அதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக அதையே இங்கே தருகிறேன்.

நான்கு மணி நேரத்தைத் தாண்டிய எந்தப் பயணமும் கால் ரத்தத்தைத் தேங்கவைக்கும். இரண்டு ஆபத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவானேன்? தள்ளிப்போட முடிந்தால் சில நாள் தள்ளிப்போடச் சொல்லுங்கள். முடியாவிட்டால், கிளம்பும் முன் அங்கேயே ஒரு மருத்துவரிடம் காட்டி, ஹெப்பாரின் ஊசி தேவையா என்று கேட்டுவிட்டு ஏறட்டும். ஓரத்து இருக்கை, அதாவது நடைபாதையை ஒட்டியது. ஒரு மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும். உட்கார்ந்திருக்கும்போது குதிகாலைத் தூக்கி இறக்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும், தூக்க மாத்திரை வேண்டாம்.

திரும்பிய பிறகு சில வாரம் கவனம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, அழுத்தினால் வலித்தால் அன்றே ஸ்கேன். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது குத்தும் நெஞ்சுவலி, காரணமில்லாத படபடப்பு, இருமலில் ரத்தம், மயக்கம், இதில் எது வந்தாலும் காலைவரை காத்திருக்காமல் அவசரப் பிரிவு. அங்கே முதல் வாக்கியமாக “ஸ்டெம் செல் ஏற்றியிருக்கிறேன், இத்தனை நாள் ஆகிறது” என்று சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு அதை மறைப்பவர்கள் நிறைய. வாயுத் தொல்லை என்று மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிடுவார்கள்.

அந்தக் கிளினிக்கிலிருந்து ஒரு தாளும் வாங்கிவரச் சொல்லுங்கள்: எந்தத் திசுவில் எடுத்த செல், எத்தனை கோடி, எந்தத் தேதி, எவ்வளவு நேரத்தில் ஏற்றியது, ஹெப்பாரின் கொடுத்தார்களா. அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளட்டும்.